எத்தனை ஆம்ஸ் இழுக்குது?

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ரூமுக்குள் நுழைந்தால் யூனிட் எண்ணும் மீட்டர் பெரும்பாலும் கண்ணில் படாது. 1990-ல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆகிவிட்டது. பில் போடாத இடத்தில் மீட்டருக்கு என்ன வேலை? அந்த அறையில் அளக்கும் கருவி என்று இருப்பவை, ஸ்டார்டர் பெட்டியின் முகப்பில் பதித்த இரண்டு சதுரக் கண்ணாடிகள்தான். ஒன்று வோல்ட்மீட்டர், இன்னொன்று அம்மீட்டர். இரண்டும் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வைத்தவை அல்ல. தோட்டக்காரர் தனக்காக வைத்துக்கொண்டவை.

என் பெரிய மாமாவின் தோட்டத்து அம்மீட்டரை நான் நன்றாக அறிவேன். பூஜ்யத்திலிருந்து முப்பது வரை எண்கள். முதல் ஐந்து ஆம்பியரும் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பத்தைத் தாண்டிய பிறகுதான் கோடுகள் தாராளமாக விலகும். கண்ணாடிக்குள் எப்படியோ புகுந்து செத்துப்போன எறும்பு ஒன்று, இருபதுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் கிடந்தது. கண்ணாடிக்கு வெளியே, பன்னிரண்டுக்கு நேராக, நகப்பாலிஷால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு. மோட்டார் இறக்கிய அன்றைக்கு மெக்கானிக் போட்டுவிட்டுப் போனது அது.

மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எண்ணூறு அடிக்குக் கீழே போரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவர் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்ததே இல்லை. பச்சை பட்டனை அமுக்கியதும் ஊசி கடைசி வரைக்கும் போய் மோதிவிட்டுத் திரும்பி வந்து சிவப்புக் கோட்டில் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் எல்லாம் சரி. கொஞ்ச நேரம் கழித்து ஊசி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நடுங்க ஆரம்பித்தால், தண்ணீரோடு காற்றும் ஏறுகிறது என்று அர்த்தம். ஏழுக்கு இறங்கி அசையாமல் நின்றுவிட்டால் பம்ப் வெறுமனே சுற்றுகிறது. அந்த நடுக்கம் தொடங்கும்போதே அவர் கை சிவப்பு பட்டனுக்குப் போயிருக்கும். நீர்மூழ்கி மோட்டாரின் புஷ்களுக்குத் தண்ணீர்தான் எண்ணெய். பம்பும் அந்தத் தண்ணீரால்தான் சூடு தணிகிறது. வறட்டு ஓட்டம் ஓடினால் செலவு பல ஆயிரம்.

"வேலை செஞ்சாத்தான் கண்ணு அது கரண்டு இழுக்கும். தண்ணியத் தூக்கலீன்னா எதுக்கு இழுக்கோணும்?"

பள்ளிக்கூடத்தில் மின்னோட்டம் என்பதை 'பாய்வது' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் அந்தப் பக்கமிருந்து தள்ளிவிட, அது பாய்ந்து வருகிறது என்று ஒரு சித்திரம். மாமாவின் 'இழுக்கும்' அதற்கு நேர் எதிர். வயரின் கடைசியில் இருப்பவன் கேட்கிற அளவுதான் வரும். வீட்டு பிளக் பாயின்ட்டில் 230 வோல்ட் எப்போதும் தயாராக நிற்கிறது. எத்தனை ஆம்பியர் என்பதை அங்கே செருகப்படும் சாமான் தீர்மானிக்கிறது. செல்போன் சார்ஜர் செருகினால் ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹீட்டர் செருகினால் எட்டோ ஒன்பதோ. மின்சாரம் பற்றி எழுதப்பட்ட பாதிக் குழப்பம் இந்த ஒரு விஷயத்தைப் பின்னால் சொல்வதால் வருகிறது என்பது என் எண்ணம்.

பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. என்னோடு படித்த பலருக்கும் அது ஒரு தொல்லை. எனக்கு அதன் மேல் அப்போதே ஒரு பிரியம். செங்குத்தாக நிற்கும் ஒரு வளையம், அதில் சுற்றிய செம்புக் கம்பி, நடுவில் ஒரு சின்ன திசைகாட்டிப் பெட்டி. காந்த ஊசி சின்னது என்பதால், அதற்குக் குறுக்கே நீளமான அலுமினிய முள் ஒன்றை ஒட்டியிருப்பார்கள்; டிகிரி படிப்பது அந்த முள்ளை வைத்துத்தான். வளையத்தை வடக்கு தெற்காகத் திருப்பி வைத்து, கம்பியில் கரண்டு விட்டால் ஊசி திரும்பும். பூமி அதை வடக்குப் பக்கம் இழுக்கிறது, காயில் கிழக்கு மேற்காக இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறதோ, அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்தான் கணக்கு. எங்கள் காயிலில் ஐந்து சுற்றில் ஒரு ஆம்பியர் விட்டால் ஊசி ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்கும்.

ஒரு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாலே முள் ஆடிவிடும். இரும்பு ஸ்டூலை அறைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகச் சொல்வார் வாத்தியார். பக்கத்து மேசைக்காரன் தன் ரியோஸ்டாட்டை இந்தப் பக்கம் தள்ளினால் சண்டை. இத்தனை பாதுகாப்போடு, முள்ளின் இரண்டு நுனியையும் படித்து, கம்யூட்டேட்டரைத் திருப்பிப் போட்டு, எதிர்ப்பக்கமும் படித்து, சராசரி எடுத்து எழுதினால்தான் ஓரளவு ஒழுங்கான விடை வரும்.

பள்ளிக்கூடத்தில் அதை பூமியின் காந்தப்புலத்தைக் கண்டுபிடிக்கும் கணக்காகக் கொடுத்தார்கள். கரண்டு தெரிந்தது, பூமி தெரியாதது. வரலாற்றில் அது தலைகீழாகவும் பயன்பட்டது. 1820-ல் கோபன்ஹேகனில் ஆர்ஸ்டெட், கரண்டு ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி திரும்புவதைக் கண்டார். அதே வருடம் பாரிஸில் ஆம்பியர், கரண்டு ஓடும் இரண்டு கம்பிகளே ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்கின்றன என்று காட்டினார். ஜெர்மனியில் ஷ்வைகர் என்பவர், கம்பியை ஊசியைச் சுற்றிப் பல சுற்றுகளாகப் போட்டால் அதே கரண்டுக்கு ஊசி பல மடங்கு திரும்பும் என்பதைப் பிடித்துக்கொண்டதும் அந்த வருடம்தான். 1837-ல் பிரான்சில் பூய்யே டேஞ்சன்ட் கால்வனாமீட்டரை உருவாக்கினார். எங்கள் கருவியில் 2, 5, 50 என்று மூன்று முனைகள் இருந்தன. அந்த எண்கள் சுற்றுகளின் எண்ணிக்கை. கரண்டு சின்னதாக இருந்தால் சுற்றைக் கூட்டு. இந்த ஒரே தந்திரத்தை நான் பிறகு ஒரு ரீவைண்டிங் கடையில், எண்ணெய்க் கறை படிந்த கைகளில் மறுபடி பார்த்தேன்.

அதற்கு முன், அதே ஆய்வகத்தில் நடந்த இன்னொன்று. ஒரு பையன் அம்மீட்டரை எடுத்து நேரடியாக அக்குமுலேட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே கொடுத்துவிட்டான். வோல்ட்மீட்டரை அப்படித்தானே கொடுக்கிறோம் என்று அவன் நினைப்பு. டக் என்று ஒரு சத்தம். முள் ஓரத்து ஆணியில் மோதி வளைந்து நின்றது. அம்மீட்டர் என்பது ஓட்டத்தின் வழியிலேயே குந்தவைக்கும் கருவி; முழுக் கரண்டும் அதற்குள் புகுந்து வெளியே வர வேண்டும். அதனால் வழியை அடைக்காமல் இருக்க, அதன் மின்தடையைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் செய்திருப்பார்கள். அப்படிப்பட்டதை பேட்டரிக்குக் குறுக்கே கொடுப்பதும் மொத்தையான கம்பித் துண்டு ஒன்றைக் கொடுப்பதும் ஒன்றுதான். வோல்ட்மீட்டர் இதற்கு எதிர்ஜாதி: வழியை விட்டு ஒதுங்கி நின்று எட்டிப் பார்ப்பது, ஆகவே தடை மிகப் பெரியது. இன்றைக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு வயரை பத்து ஆம்பியர் துளையில் செருகியதை மறந்துவிட்டு, மெயினில் வோல்ட் பார்க்கப் போகிறவர்கள் செய்வது அந்தப் பையன் செய்ததைத்தான். அங்கே வளைவது வெறும் முள்ளாக இருக்காது; கையும் முகமும் வேகும்.

பாலிடெக்னிக் விடுமுறைகளில் மாமாதான் என்னை அந்தக் கடையில் கொண்டுபோய் விட்டார். அவிநாசி ரோட்டோரம், தகரக் கூரை, வாசலில் வரிசையாகப் படுத்திருக்கும் நீர்மூழ்கி மோட்டார்கள். கோவைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் ஊர்க்காரர்கள் நிறுத்தமாட்டார்கள். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்தார்கள், அப்புறம் ஊரே மோட்டார் ஊரானது என்று போகும். கடைக்காரர் இதையெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. எல்லோரும் அவரை மேஸ்திரி என்பார்கள், நான் அண்ணா என்பேன்.

எரிந்த மோட்டாரைப் பிரித்தவுடன் அவர் முதலில் மூக்கை வைப்பார், பிறகு கண்ணை. ஸ்டார் கனெக்‌ஷனில் மூன்று பேஸ் காயிலில் இரண்டு கறுத்து, ஒன்று புதுசு போல இருந்தால், "ஒரு பேஸ் போயிருக்குது" என்பார். ஒரு வயரில் கரண்டு வராமல் போக, மிச்ச இரண்டும் மொத்த வேலையையும் இழுத்து வெந்திருக்கின்றன. டெல்டா கனெக்‌ஷன் என்றால் கணக்கு மாறும். அங்கே ஒரு காயில்தான் அதிகமாகக் கருகும். மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு, இல்லை லோ வோல்டேஜ். பிரேதப் பரிசோதனை இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பழைய காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்து, நீள நோட்டில் குறித்துக்கொள்வது என் வேலை.

ஒருநாள் ஒரு விவசாயி வந்து நின்றார். மூன்றும் கறுத்த மோட்டார்.

"ஏனுங் மேஸ்திரி, வோல்ட்டே முந்நூத்தி முப்பதுதானுங்க வந்துச்சு. வோல்ட்டு கம்மின்னா கரண்டும் கம்மியாத்தானே போயிருக்கோணும்? எப்படிங்க காயில் எரியும்?"

ஓம் விதியை மனப்பாடம் செய்த யாரும் கேட்கக்கூடிய கேள்வி. வோல்டேஜ் குறைந்தால் கரண்டு குறைய வேண்டும். பல்புக்கும் ஹீட்டருக்கும் அது சரி. மேஸ்திரி சிரிக்காமல் சொன்னார்:

"பேங்குல கட்ட வேண்டிய தவணை மாறாதுங்க. மஞ்சள் வெலை எறங்குனா என்ன பண்ணுவீங்க? அதிக மூட்டை விப்பீங்க. மோட்டாரும் அப்படித்தானுங்க. எண்ணூறு அடியிலிருந்து தண்ணியத் தூக்கற வேலை மாறல. வோல்ட்டு எறங்குச்சு, அது ஆம்ஸ ஏத்திக்கிச்சு."

விவசாயிக்குப் புரிந்துவிட்டது. என் பாடப்புத்தகத்தில் இதற்கான விளக்கம் வேறு அத்தியாயத்தில் இருந்தது. ஓடும் மோட்டார், தன் சுற்றலாலேயே, உள்ளே வரும் வோல்டேஜுக்கு எதிராக ஒரு வோல்டேஜை உண்டாக்கிக்கொள்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது அந்த எதிர்ப்பு இல்லை. அதனால்தான் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கமான கரண்டைப்போல் ஆறு மடங்கு வரை பாய்கிறது, மாமாவின் ஊசி கடைசி வரை போய் மோதுகிறது. வேகம் பிடித்ததும் எதிர்ப்பு எழுந்து கரண்டு அடங்குகிறது. வெளி வோல்டேஜ் இறங்கினால் ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும். பின்தங்கப் பின்தங்க அதில் கரண்டு கூடும். வேலைக்கு வேண்டிய முறுக்கு கிடைக்கும் வரை கூடிக்கொண்டே போகும். 415 வோல்ட் 330 ஆனால் பன்னிரண்டு ஆம்பியர் ஏறக்குறைய பதினைந்தாகும். காயிலில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவது. கால் பங்கு கூடிய கரண்டு, சூட்டைப் பாதிக்கு மேல் கூட்டிவிடும்.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்டருக்குள் ஓவர்லோடு ரிலே வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு திருகு இருக்கும். மோட்டார் எத்தனை ஆம்பியரோ அதில் வைக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த மோட்டார் ரூம்களில் பலவற்றில் அந்தத் திருகு கடைசி எண்ணில் இருந்தது. அடிக்கடி ட்ரிப் ஆகிறதே, பயிருக்குத் தண்ணீர் பாயவில்லையே என்று திருப்பிவிட்டிருப்பார்கள். அவர்களைக் குறைசொல்லி என்ன பயன்? கரண்டு வருவது கொஞ்ச நேரம், அதற்குள் வயல் நனைய வேண்டும். மும்முனை இல்லாத நேரத்தில் கன்டென்சரை மாட்டி இரண்டு பேஸிலேயே மோட்டார் ஓட்டியவர்களும் உண்டு. அது மோட்டாருக்கும் கேடு, டிரான்ஸ்பார்மருக்கும் கேடு. மேஸ்திரிக்கு மட்டும் வருமானம். அவரே அதைச் சொல்லித் திட்டுவார்.

டாங் டெஸ்டரை அவர் ஒரு பழைய டிபன் கேரியர் பையில் வைத்திருந்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும், ஊசி வைத்த பழைய வகை. பேனலில் அம்மீட்டர் இல்லாத இடத்துக்குப் போனால் அதுதான் கை. வயரை அறுக்க வேண்டாம், ஸ்க்ரூ கழற்ற வேண்டாம், மோட்டாரை நிறுத்தக்கூட வேண்டாம். ஓடுகிற வயரை வாய்க்குள் விட்டு மூடினால் ஊசி சொல்லும். வாய் என்பது இரண்டு துண்டான இரும்பு வளையம். அதன் அடியில், பிடிக்குள் ஒரு காயில். வயரைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் வளையத்துக்குள் புகுந்து, அந்தக் காயிலில் ஒரு சின்ன கரண்டை எழுப்புகிறது. ஆர்ஸ்டெட்டின் திசைகாட்டி கேட்டதைத்தான் இதுவும் கேட்கிறது. ஆனால் அதற்கு வடக்கு தெற்கு வேண்டாம், சாவிக்கொத்து பயமும் இல்லை.

முதல்முறை அதை என் கையில் கொடுத்துவிட்டு, சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்றின் கேபிளைக் காட்டினார். கறுப்பு உறைக்குள் இரண்டு வயரும் சேர்ந்தே வருகிற கேபிள். அதை அப்படியே வாய்க்குள் விடச் சொன்னார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊசி பூஜ்யத்தில்.

"என்ன தம்பி, கரண்டே இல்லாம ஓடுது பாரு."

கேபிளின் உறையைப் பிளந்து ஒரு வயரை மட்டும் வெளியே எடுத்து மறுபடி மாட்டினார். ஆறு ஆம்பியர். இரண்டு வயரும் சேர்ந்தால் போவதும் வருவதும் எதிரெதிர். ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். போன கரண்டு முழுக்கத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை. கரண்டு வழியில் தேய்ந்துபோவதில்லை. மோட்டாருக்குள் போனதும் ஆறு, வெளியே வந்ததும் ஆறு. செலவாவது ஆற்றல்.

சின்ன கரண்டை அந்தப் பழைய டாங் டெஸ்டர் காட்டாது. அரை ஆம்பியர் என்றால் ஊசி சோம்பல் முறிப்பதோடு சரி. மேஸ்திரி வயரை வாய் வழியாகப் பத்துச் சுற்று சுற்றுவார். ஊசி ஐந்து காட்டும். "பத்தால வகு" என்பார். ஷ்வைகர் என்று ஒரு ஜெர்மன்காரர் இருந்தார் என்று நான் சொன்னதற்கு, "அவரும் காயில் கட்டறவருங்களா?" என்று கேட்டார். ஒருவகையில் ஆம்.

பெரிய கரண்டுக்கு வழி வேறு. ஒரு நூல் மில்லின் பேனலுக்கு அவருடன் போயிருந்தேன். அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் தடித்த பட்டைகள். அவற்றைச் சுற்றி மோதிரம் போல கரண்டு டிரான்ஸ்பார்மர்கள், பேச்சு வழக்கில் சி.டி. 200-க்கு 5 என்று எழுதியிருந்தது. பட்டையில் இருநூறு ஓடினால் மீட்டருக்கு ஐந்துதான் வரும்; மீட்டரின் முகத்தில் மட்டும் இருநூறு என்று அச்சடித்திருப்பார்கள். கெட்டுப்போன அம்மீட்டர் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. அண்ணன் முதலில் சி.டி.யின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்தார். எங்கும் ஷார்ட் ஆகக்கூடாது என்று சொல்லி வளர்த்த மனிதர் வேண்டுமென்றே ஷார்ட் செய்வதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. சி.டி.யின் வாயைத் திறந்துவிட்டால், பட்டையில் ஓடும் கரண்டு அடங்க வழியில்லாமல் இரும்பைக் காந்தமாக்கி, திறந்த முனைகளில் உயிரை எடுக்கும் வோல்டேஜை ஏற்றிவிடும். வோல்டேஜ் மூலத்தை ஷார்ட் செய்யக்கூடாது, கரண்டு மூலத்தைத் திறக்கக்கூடாது. மேசையில் எழுதிய அந்த வரிக்கு அன்றைக்கு அவர் விரல்களுக்கிடையில் உடம்பு கிடைத்தது.

ஆம்பியர் எல்லாம் சொல்லிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. மாமாவின் பம்ப் வறண்டு ஓடும்போது ஊசி ஏன் பூஜ்யத்துக்கு வராமல் ஏழில் நிற்கிறது? தூக்கத் தண்ணீர் இல்லை, வேலை ஏறக்குறைய இல்லை. ஆனாலும் மோட்டார் தன் இரும்பைக் காந்தமாக்கிக்கொள்ள ஒரு கரண்டு வேண்டும். அது வோல்டேஜோடு ஒத்து நடக்காமல் கால் சுழற்சி பின்தங்கி நடக்கும். ஒரு கணம் வாங்கியதை மறுகணம் திருப்பிக் கொடுக்கும். யூனிட் மீட்டர் அதைக் கணக்கில் எடுக்காது, அம்மீட்டர் எடுக்கும். எத்தனை என்பது மட்டும்தான் அம்மீட்டருக்குத் தெரியும். எப்போது என்பது தெரியாது. ரீவைண்டிங் முடிந்த மோட்டாரைச் சோதிக்க மேஸ்திரி நம்பியது இந்த வெற்றுக் கரண்டைத்தான். லோடு இல்லாமல் ஓடவிட்டு மூன்று வயரிலும் டாங் டெஸ்டர் போடுவார். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று விலகினால் எங்கேயோ சுற்று எண்ணிக்கை தவறியிருக்கிறது, அல்லது ஸ்லாட்டுக்குள் ஒரு கம்பி தோல் உரிந்திருக்கிறது. வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் பிரிப்பது சுலபம்.

இந்த ஆம்பியர் என்பது என்ன? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளியை வைத்துச் சொன்னார்கள்: வெள்ளி நைட்ரேட் கரைசலில் விநாடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் கரண்டு ஒரு ஆம்பியர். 1948 முதல் ஆம்பியர் கண்ட இழுவிசையே வரையறையானது: ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் முடிவில்லாத நீளமுள்ள இரண்டு கம்பிகள், மீட்டருக்கு ஒரு நியூட்டனில் ஒரு கோடியில் இரண்டு பங்கு விசையில் இழுத்துக்கொண்டால் ஒரு ஆம்பியர். 2019 மே 20 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையே நிலையான எண்ணாக்கிவிட்டார்கள். அதன்படி ஒரு ஆம்பியர் என்றால் ஒரு விநாடியில் சுமார் 62 லட்சம் கோடி லட்சம் எலெக்ட்ரான்கள் கடந்து போகின்றன. லட்சம், கோடி, மறுபடி லட்சம். எண் பெரிதாகிறது, பிடிபடுவதில்லை. வெள்ளி வரையறைதான் எனக்கு இன்னும் பிடித்தது. தராசு வைத்துக் கரண்டை அளக்கலாம் என்பதில் ஒரு நகைக்கடை நியாயம் இருக்கிறது.

அந்த எலெக்ட்ரான்கள் பறந்து போகின்றன என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஐந்து ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால், எலெக்ட்ரான் கூட்டம் நகரும் வேகம் மணிக்கு அரை மீட்டர் சொச்சம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் ஆடுவது என்பதால், அவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்துவிட்டு அதே இடத்திலேயே கிடக்கின்றன. மாமாவின் கேபிளில் இருந்த எலெக்ட்ரான் எதுவும் எண்ணூறு அடி இறங்கி மோட்டாரைப் போய்ப் பார்த்திருக்காது. இதை அவரிடம் சொன்னபோது, "அப்புறம் யாரு போயி தண்ணியத் தூக்குறது?" என்றார். அந்த வேலையைச் செய்வது கம்பியைச் சுற்றியுள்ள புலம் என்று சொல்ல முயன்றேன். ஊசி பன்னிரண்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

மேஸ்திரி செய்துகாட்டிய அந்தப் பூஜ்யம் சில வருடங்களுக்கு முன் எனக்குத் திரும்பக் கைகொடுத்தது. திருப்பூரில் தங்கை வீட்டில் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது என்று புகார். போர்டைத் திறந்தால் ஏற்கெனவே வந்து போன எலெக்ட்ரீஷியன் ஒரு வயரால் அதைத் தாண்டிக் கொடுத்துவிட்டிருந்தார். விழும் தொல்லை தீர்ந்தது. காப்பாற்றுவதற்கும் எதுவும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு இரும்பு வளையம்தான். பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே அதற்குள் நுழைகின்றன. போனதும் வந்ததும் சமம் என்றால் பூஜ்யம். எங்கேயாவது கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால் வித்தியாசம் தெரியும், சுவிட்ச் விழும். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் எழுதியிருந்தாலும், அதில் பாதியைத் தாண்டியதுமே விழுவதற்கு விதி இடம் தருகிறது.

மில்லி ஆம்பியர் படிக்கும் கிளாம்ப் மீட்டரை நண்பரிடம் வாங்கிப் போயிருந்தேன். மெயினில் இரண்டு வயரையும் சேர்த்து வாய்க்குள் விட்டேன். 21 மில்லி ஆம்பியர். தங்கை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஃபிரிட்ஜை அணைத்தபோது ஒன்று குறைந்தது, வாஷிங் மெஷினுக்கு இரண்டு. கீசர் ஸ்விட்சை அணைத்ததும் நேரே மூன்றுக்கு இறங்கிவிட்டது.

"அப்ப இத்தனை நாளா அதுலதான் குளிச்சிட்டு இருந்தமா?"

எர்த் வயர் ஒழுங்காக இருந்ததால் குளித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீசரைக் கழற்றினோம், எலிமென்ட்டின் உறையில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் புது எலிமென்ட் வாங்கி மாட்டிவிட்டு, தாண்டிக் கொடுத்த வயரை வெட்டி எடுத்தேன். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கியதும் டப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கிப் போட்டோம், நின்றது. மாதம் ஒருமுறை அந்த பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். தங்கை மறந்துவிடுவாள் என்று, அவள் பெண்ணிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன்.